நாடா பதிந்த இடம்

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகள் எனக்கு இருந்த வேலை, நோயாளிகளுக்கு அவர்களுடைய நோயைச் சொல்லிக்கொடுப்பது. மருத்துவர் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்தனுப்பி, சோதனை முடிவும் வந்த பிறகு, இனி என்ன நடக்கப்போகிறது, அது ஏன் நடக்கவேண்டும் என்பதை அவர்கள் வீட்டில் பேசும் தமிழில் நான் விளக்கவேண்டும். கட்டுப் போடும் அறைக்கு அடுத்து எனக்கென்று ஒரு சிறிய அறை. ஒரு கரும்பலகை, ஒரு பெஞ்சு, தலைக்கு மேல் தயங்கித் தயங்கிச் சுற்றும் மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே ரயில் பாதை. மின்சார ரயில் கடக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும். கரும்பலகை இருந்ததால் எல்லோரும் என்னை டீச்சர் என்றே அழைத்தார்கள்.

நான் சொல்லிக்கொடுத்தவற்றில் மிகவும் கடினமானது தோலில் வரும் புற்றுநோய். வயிற்றிலோ நுரையீரலிலோ இருப்பதைச் சொன்னால் நம்பிவிடுவார்கள். கண்ணால் பார்க்க முடியாததைப் பற்றி நமக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. தோலில் இருப்பதோ தினமும் குளிக்கும்போது கை பட்டுப் பழகியது. மஞ்சள் பூசி, எண்ணெய் தடவி, வேப்பிலை அரைத்து வைத்துப் பார்த்தது. "புண்ணுதானே டீச்சர், இதுக்கா இவ்ளோ பெரிய பேரு?" என்று சிரிப்பார்கள். குழந்தைப் பருவத்தில் அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு வயதான காலத்தில் புண்ணாகி வந்தவர்கள் உண்டு. உள்ளங்காலில் வந்த கறுப்புப் புள்ளியை முள் தைத்த வடு என்று நினைத்துச் செருப்பில்லாமல் நடந்துகொண்டே இருந்த ஒரு கொத்தனார் உண்டு. ஆனால் நான் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியாதவர், எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடையில் செம்பாக்கத்திலிருந்து வந்த அம்மாதான்.

அவர் வந்த அன்று கட்டுப் போடும் நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இங்க வந்து பாருங்களேன். யாரோ இடுப்புல கோலம் போட்டு அனுப்பியிருக்காங்க."

திரைக்குப் பின்னால், ஐம்பதைக் கடந்த ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். இடப்பக்க இடுப்பெலும்புக்கு மேலே செங்காவியில் வளைவளைவாகக் கோடுகள். நடுவில் சிங்கமா நாயா என்று சொல்ல முடியாத ஓர் உருவம். அக்கி எழுதியிருந்தார்கள். இடுப்பைச் சுற்றி எரிச்சலோடு கொப்புளங்கள் வந்தால் அக்கி என்று சொல்லி, மண்பாண்டம் செய்கிறவர்களிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் வழக்கம். அக்கி சில வாரங்களில் தானாகவே காய்ந்துவிடும். எழுதியதால் போனது என்பார்கள். இவருடையது காயவில்லை. காவி உதிர்ந்ததும் மறுபடி எழுதினார்கள். பொங்கலுக்கு முன்னால் தொடங்கியது, மாம்பழம் வந்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

மருத்துவர் பஞ்சை நனைத்துத் துடைத்தார். காவி கரைந்து வழிந்தது. அடியில் விளிம்பு தடித்து, நடுவில் பள்ளம் விழுந்த புண். அதன் இரண்டு பக்கமும், இடுப்பைச் சுற்றி, விரலகலத்துக்கு ஒரு கறுப்பு வரி. மாட்டின் கழுத்தில் நுகத்தடி பட்ட இடம் போலத் தோல் காய்த்துப்போயிருந்தது. புண் அந்த வரியின் மேல் உட்கார்ந்திருந்தது.

"பாவாடை நாடா," என்றார் மருத்துவர். நகரத்திலிருந்து வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் எங்களிடம் வந்துபோகும் அறுவை மருத்துவர் அவர். சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்.

சோதனை முடிவு வந்தது. நாங்கள் பயந்ததுதான். அகலமாக வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டும். இடக் கவட்டில் நெறி கட்டியிருந்தது மருத்துவருக்குப் பிடிக்கவில்லை. அதையும் எடுத்துப் பார்க்கவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று நாள் குறித்தார். அம்மாவைப் படுக்கையில் சேர்த்தார்கள்.

நான் அவரிடம் பேசுவதற்கு முன் அவருடைய மகன் என்னைத் தேடி வந்துவிட்டார். விவசாயக் குடும்பம், நிலமெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த காலத்தில் மனை வாங்கி விற்கும் தொழிலுக்கு வந்தவர். வெள்ளைச் சட்டைப் பையில் பேனாவும், கையில் ஸ்கூட்டர் சாவியும்.

"மேடம், அம்மாகிட்ட அந்தப் பேரை மட்டும் சொல்லிடாதீங்க."

"எந்தப் பேரை?"

"அதான் மேடம். என் வாயால வேற சொல்லணுமா? அப்பா போனதுக்கப்புறம் அவங்கதான் எங்களுக்கு வீடு. கேட்டாங்கன்னா அப்படியே உக்காந்துடுவாங்க. கட்டின்னு சொல்லிடுங்க."

"கட்டிக்கு எதுக்குத் தொடைத் தோலை எடுத்து ஒட்டணும்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க மேடம். எங்க அம்மா யாரையும் எதுவும் கேக்கவே மாட்டாங்க."

ஆனால் அந்த அம்மா வார்டில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கிக்கு எவனாவது கத்தி வைப்பானா என்று நர்ஸைக் கேட்டார். கத்தி பட்டால் புண் ஓடிப்போய் வேறு இடத்தில் முளைக்காதா என்று பக்கத்துப் படுக்கைக்காரியைக் கேட்டார். யாரும் சரியாகப் பதில் சொல்லாததால், நாளை விடிந்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்று பையைக் கட்டி வைத்திருந்தார். நோயாளி சம்மதிக்காமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் மகனிடம், அந்தப் பெயரை நானாக எடுக்க மாட்டேன், அவராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அன்று பிற்பகல் அம்மாவை என் அறைக்கு அழைத்து வந்தேன். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, இது உங்கள் இடுப்பு என்றேன். அதைச் சுற்றி ஒரு கோடு போட்டு, இது நாடா என்றேன்.

"இது இன்னா, இட்லிப் பானையா?" என்றார்.

நான் சாக்கட்டியை வைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டேன். என் கொசுவத்தைத் தளர்த்தி, பாவாடை நாடாவைக் கொஞ்சம் கீழே இறக்கி, என் இடுப்பை அவருக்குக் காட்டினேன். எனக்கும் அந்த வரி உண்டு. அவருடையதைப் போலத் தடிப்பு இல்லை, ஆனால் கறுப்புத்தான். அவர் குனிந்து பார்த்தார். அதன் மேல் விரலை வைத்து, துணியின் கரையைப் பார்ப்பதுபோல ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார்.

"உனக்கும் கீதா?"

"நம்ம எல்லாருக்கும் இருக்கும்மா. வருஷக்கணக்கா ஒரே இடத்துல இறுக்கிக் கட்டுறோம். வேர்வை, உப்பு, உராய்வு. தோல் காய்ச்சுப்போகும், அரிக்கும், செதில் விடும். சொறிஞ்சா புண்ணாகும். ஆறும். திரும்ப அதுமேலேயே கட்டுவோம். இப்படியே போய்க்கிட்டிருந்தா, எப்பவாவது யாருக்காவது அந்தத் தோலுக்கு ஆறத் தெரியாமப் போயிடும். ஆறுறதுக்குப் பதிலா கண்டபடி வளர ஆரம்பிச்சிடும். உங்களுக்கு அதுதான் ஆயிருக்கு. அக்கி இல்ல."

"நான் தண்ணிக்குடம் தூக்கறவ. குடம் ஏறி எறங்கறப்போ நழுவிடக் கூடாதுன்னு இஸ்த்து இறுக்கித்தான் கட்டுவேன். லூஸா கட்னா ஒடம்புல துணியே இல்லாத மாறி கீது." சற்று நேரம் தன் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "ஆறத் தெரியாம வளர்றதுன்றியே, அதுக்குப் பேர் இன்னா?"

ரயில் வந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. ரயில் இருக்கும்வரை நான் பேச வேண்டியதில்லை. அது போன பிறகும் அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"புத்தா?" என்றார்.

"ஆமாம்மா. தோல்ல வர்ற புற்று. இதை முழுசா வெட்டி எடுக்க வழி இருக்கு. கத்தி பட்டா பரவாது. விட்டுவச்சாத்தான் பரவும்."

அவர் அழவில்லை. உட்கார்ந்துவிடவும் இல்லை, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார்.

"தொத்துமா?"

"தொத்தாது."

"எம் பொண்ணுக்கு வருமா?"

"ரத்தத்துல போறது இல்லம்மா. ஆனா உங்களை மாதிரியே இறுக்கிக் கட்டுறாங்கன்னா..."

"நான்தானே அதுக்கு நாடா கட்டிவுட்டேன்," என்றார். "பெரிய மனுசி ஆனப்போ, ஸ்கூலுக்குப் போற பொண்ணு, ஓடறப்போ அவுந்துடப் போவுதேன்னு, முட்டியால முதுவுல அமுக்கிப் புடிச்சி இறுக்கி முடிச்சி போடுவேன். வலிக்குது வலிக்குதுன்னு கத்தும். கத்தட்டும்னு வுட்டேன்."

கறுத்திருப்பதெல்லாம் நோய் அல்ல என்பது என் பாடத்தின் இரண்டாம் பாதி. அதைத் தொடங்க வாயெடுத்தபோது கதவு தட்டப்பட்டது. கட்டுப் போடும் அறையில் யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள். "மீதியை நாளைக்குக் காலையில சொல்றேம்மா" என்று ஓடினேன்.

மறுநாள் காலையில் அவருடைய படுக்கை காலியாக இருந்தது. போர்வை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் மருத்துவமனை கொடுத்த அங்கியும். பையைக் காணோம். அறுவை அதற்கு அடுத்த நாள்.

மகன் வந்து நின்றார். படுக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"அதான் கெஞ்சினேனே மேடம். கெஞ்சினேனே!" அவர் குரல் வார்டின் கடைசி வரை கேட்டது. "உங்களுக்கு இது வேலை. எனக்கு அம்மா."

பக்கத்துப் படுக்கைக்காரி எழுந்து உட்கார்ந்தாள். கையில் தீக்காயத் தழும்புக்குக் கட்டுப் போட்டிருந்தவள். எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பவள். இப்போது மெல்லவில்லை. "டீச்சர், விடியக்காலையில என்னாண்ட ப்ளேடு கேட்டாங்க. நகம் வெட்டத்தான்னு நெனச்சி புதுசா ஒண்ணு எடுத்துக் குடுத்தேன்."

மகன் தரையில் உட்கார்ந்துவிட்டார். தாயைப் பற்றி அவர் சொன்னபடியே, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தாம்பரத்தில் யாரையாவது காணவில்லை என்றால் எல்லோருடைய கால்களும் முதலில் ரயில் பாதைப் பக்கம்தான் திரும்பும். யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள்; போய்ப் பார்ப்பார்கள். நானும் போனேன். நடைமேம்பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். வெயில் ஏறி, தண்டவாளங்கள் கண்ணைக் கூசவைத்தன. சுருட்டிக் கிடந்த ஒவ்வொரு சாக்கும் ஒரு கணம் சேலையாகத் தெரிந்தது. ஒரு கூடை வியாபாரி, "இன்னாம்மா தேடறே, எதுனா வுழுந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனார். மகன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செம்பாக்கம் ஏரிக்குப் போயிருந்தார். மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். நாளைக் காலைக்குள் வந்துவிட்டால் செய்துவிடலாம் என்றார். இப்படிப் போகிறவர்கள் புண் நாறத் தொடங்கிய பிறகுதான் திரும்பி வருவார்கள், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது என்றார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, இன்னொரு வாக்கியமும் சொன்னார். "தேடிப் பாருங்கம்மா."

என் அறைக்கு வந்தேன். கரும்பலகையில் அந்த வட்டம் அழிக்கப்படாமல் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது. எனக்குப் புற்றா என்று கேட்டவர், நான் பிழைப்பேனா என்று கேட்கவில்லை. எம் பொண்ணுக்கு வருமா என்று கேட்டார்.

மகள் நாவலூரில் கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறாள் என்று மகன் முன்பே சொல்லியிருந்தார்; மாவு மில் வைத்திருக்கும் குடும்பம். ஆனால் அம்மா அங்கே தனியாகப் போயிருக்க முடியாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். பஸ் மாறவேண்டும், மகன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வராமல் தாம்பரம் மார்க்கெட்டுக்குக்கூட வந்தறியாதவராம். நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

பஸ் செம்பாக்கத்தைக் கடந்தபோது ஏரிக்கரையில் அந்த ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்தேன். மகனும் இன்னும் சில ஆட்களும் கரையில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிச் சொல்லலாமா என்று எழுந்தேன். சொல்ல என்னிடம் ஓர் ஊகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. உட்கார்ந்தேன். மேடவாக்கம் வரை வயல்களும் புது மனைகளின் எல்லைக் கற்களும் மாறி மாறி வந்தன. சோழிங்கநல்லூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோது கடற்காற்று புடவையை இழுத்தது. நிற்க முடியவில்லை, நடந்தேன், நடந்தால் பஸ்ஸை விட்டுவிடுவேனோ என்று திரும்பி வந்து நின்றேன். என் கை ஓயாமல் இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் புது ப்ளேடோடு ஒரு பெண் எங்கே போவாள் என்று அறிவு பதில் தேடும். அது சொல்லும் எந்தப் பதிலும் உட்கார விடாது.

நாவலூரில் அன்றைக்கு மாவு மில்லைக் கேட்டால் குழந்தைகூட வழி காட்டும். மில் ஓடவில்லை. வாசலில் தலை முதல் கால் வரை மாவு படிந்த ஓர் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், மருமகன். நான் யாரென்று சொன்னேன்.

"உள்ளதான் கீறாங்க. போங்க," என்றார். "காலையில பஸ்ஸுலேருந்து எறங்கி வந்தாங்க. வா அத்தேன்னேன். என்னைத் தள்ளிகினு உள்ள போயி கதவைச் சாத்துனாங்க. அப்பறம் ஒருத்தி உள்ள போனா, ரெண்டு பேர் வந்தாங்க. இப்போ தெருவே உள்ள கீது. மில்லுல மாவு அரைக்க வந்தவங்களும் உள்ளதான். இன்னா மாநாடுன்னு யாருனா சொன்னாத்தானே?"

கதவைத் தட்டி, டீச்சர் என்றேன். திறந்தது.

அது மில்லுக்குப் பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கும் அறை. மூட்டை ஒன்றின் மேல் அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் ப்ளேடு. சுற்றிலும் தெருப் பெண்கள், இளையவர்களும் மூத்தவர்களும். எல்லோரும் ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். தரையில், வெட்டிப்போட்ட நாடாக்கள் சிறு குவியலாகக் கிடந்தன.

"வா டீச்சர்!" என்றார் அம்மா. "நீ சொன்னதெல்லாம் சொல்லிட்டேன். அத்தினி பேருக்கும் கீது. ஒருத்தி பாக்கி இல்ல."

யாரோ ஒருத்தி விசும்பினாள். பக்கத்து வீட்டு பாயின் மனைவி, தலையில் முக்காடும் கையில் பாவாடையுமாக, என் முன்னால் வந்தார். "டீச்சரம்மா, எனக்கும் கருப்பாத்தான் இருக்கு. சின்னக் குழந்தைங்க இருக்கு எனக்கு. எவ்ளோ நாள்னு மட்டும் சொல்லிடுங்க."

அப்போதுதான் நடந்திருப்பது எனக்கு முழுதாகப் புரிந்தது. பாடத்தின் முதல் பாதியை அந்த அம்மா ஒரு சொல் பிசகாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தார். இரண்டாம் பாதி தாம்பரத்தில் என் அறையிலேயே தங்கிவிட்டது. பஸ் மாறி, வழி கேட்டு, நோயோடு வந்து, ஒரு தெருவுக்கே மரண தண்டனை வாசித்துவிட்டு, அதை நிறுத்த ஒவ்வொரு நாடாவாக அறுத்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கேயே, ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, மீதியைச் சொன்னேன். கறுத்திருப்பது நோய் அல்ல. அது தோலின் முறையீடு. இறுக்குகிறாய் என்று சொல்கிறது, அவ்வளவுதான். தளர்த்திக் கட்டவேண்டும், மெல்லிய கயிறாக இல்லாமல் அகலமான துணிப் பட்டையாகத் தைத்துக்கொள்ளவேண்டும், ஒரு நாள் கட்டிய இடத்தில் மறுநாள் கட்டாமல் ஏற்றி இறக்கவேண்டும், வீட்டில் இருக்கும்போது அவிழ்த்துவிட்டால் இன்னும் நல்லது. புண் வந்து, வாரக்கணக்கில் ஆறாமல், விளிம்பு தடித்து, தொட்டால் ரத்தம் வந்தால் அக்கி எழுதப் போகாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். மாவு மணத்திலும் வேர்வையிலும் ஒவ்வொருவராக வந்து காட்டினார்கள். நான் மருத்துவர் அல்ல. புண் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரிந்தவள், அவ்வளவே. யாருக்கும் புண் இல்லை.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியா?" என்றாள் ஒருத்தி. "ஒண்ணும் இல்லாதவளுக்கு எதுக்கு என் நாடாவை அறுத்தே? நான் எப்படி வூட்டுக்குப் போவேன்?"

"கைய வெச்சிப் புடிச்சிகினு போடி. கை எதுக்குக் கீது?" என்றார் அம்மா. சிரிப்பு வெடித்தது. வெளியே மருமகன் கதவைத் தட்டி, உள்ளே என்ன என்று கேட்டார். சிரிப்பு இன்னும் கூடியது.

மகள் கடைசியில் வந்தாள். அவளுடைய வரி தடித்து, செதில் விட்டு, நகக் கீறல்களோடு இருந்தது. ஆனால் தோல் எங்கும் உடையவில்லை. இல்லை என்று தலையசைத்தேன்.

"நல்லாப் பாரு," என்றார் அம்மா. "இருட்டுல பாக்காதே. இந்தாண்ட வந்து பாரு." மகளைத் தோளைப் பிடித்துக் கொல்லைக் கதவண்டை இழுத்துப்போய் வெயிலில் நிறுத்தினார். நான் மறுபடியும் பார்த்தேன். மகள் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. நிச்சயமா இல்ல. தளர்த்திக் கட்டினா போதும்."

அம்மா ப்ளேடை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "அப்போ செரி. வா, போலாம்," என்றார்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்ன மகளை, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் தன் நாடாவையும் அறுத்திருந்தார். ஒரு துண்டால் சேலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சோழிங்கநல்லூரில் மாறி அடுத்த பஸ்ஸில் ஏறும்வரை தெருப் பெண்களைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"டீச்சர்."

"சொல்லுங்கம்மா."

"எனக்கு?"

அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் பாடம் இருந்தது. கரும்பலகை இருந்தால் வரைந்தும் காட்டியிருப்பேன். அந்தப் பஸ்ஸில், எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். நல்ல தோல் வரும்வரை அகலமாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடும். கவட்டில் இருக்கும் நெறி, புண்ணில் சீழ் பிடித்ததால் வந்ததாகவும் இருக்கலாம். நோய் அங்கே வந்துவிட்டதாகவும் இருக்கலாம். அதற்கு ஏற்றபடிதான் மீதி.

அவர் என் கையை எடுத்து, சேலைக்கு மேலாகத் தன் கவட்டில் வைத்து அழுத்தினார். நின்றுகொண்டு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது பொருட்டாக இல்லை. "தொட்டுப் பாத்து சொல்லு. எது?"

விரலுக்கடியில் உருண்டையாக ஒன்று நகர்ந்தது.

"தெரியலம்மா. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். டாக்டருக்கும் இப்போ தெரியாது."

"இவ்ளோ நேரம் பேசினே. இப்போ தெர்லன்றே." என் கையை விட்டுவிட்டார். கோபப்பட்டாரா என்று தெரியவில்லை. மேடவாக்கம் வந்து போனது. "பயமாக் கீது டீச்சர்," என்றார், ஜன்னலைப் பார்த்தே. பயப்படாதீர்கள் என்று சொல்வது என் வேலையில் மிகவும் எளிதான காரியம். அதனாலேயே அதைச் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன்.

பேச்சை மாற்றவும், சொல்லியாகவேண்டியதாலும், மகன் காலையிலிருந்து அவரை ஏரியில் தேடிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"ஏரியிலயா?" அவர் முழுவதுமாக என் பக்கம் திரும்பினார். "முட்டி முங்கத் தண்ணி இல்லியே இப்போ! எரும படுத்தாலே வெளியத் தெரியும்."

பஸ் செம்பாக்கத்தில் நின்றது. அம்மா எழுந்தார். அது அவருடைய நிறுத்தம். இறங்கி, தெருவுக்குள் நடந்து, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. கையைப் பிடித்து நிறுத்த எனக்கு எந்த உரிமையும் இல்லை. தெரியலம்மா என்று சொன்ன வாயோடு எப்படி நிறுத்துவேன்? அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"எலே! யார்ரா அது, சைக்கிள்ல? எம் பையன் ஏரியாண்ட கீறானாம். அங்க ஒண்ணும் கெடைக்காது, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர சொல்லு. நான் அங்கதான் போறேன்!"

பிறகு உட்கார்ந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். பஸ் நகர்ந்தது. நான் என் இரண்டு கைகளையும் மடியில் வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்திக்கொண்டேன்.

நாங்கள் வந்து சிறிது நேரத்தில் மகன் வார்டுக்கு ஓடி வந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சொல்வதற்கு எத்தனையோ இருந்திருக்கும். கேட்டது இதைத்தான்: "பஸ்ஸு எப்படிம்மா மாறினே?"

"கேட்டுகினு போனேன்."

"யாரைக் கேட்டே?"

"வாய் கீதுல்ல?"

மறுநாள் காலையில் அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது மகனும் மகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மகன் என்னிடம் பேசவில்லை. ஆனால் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்காரவில்லை, முடியவில்லை. நெறிக்கட்டியின் முடிவு வரும்வரை அந்த வாரம் முழுவதும் என்னால் எந்த இடத்திலும் நிலையாக உட்கார முடியவில்லை. புண்ணின் சீழால் வந்த வீக்கம்தான், நோய் இல்லை என்று முடிவு வந்தது. மருத்துவர் என் அறை வாசலில் நின்று, "இல்ல," என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். அதை நான் நடந்து போய் அம்மாவிடம் சொன்னபோது அவர், "எடுத்துப் பாத்துட்டாங்களா? நல்லாப் பாத்தாங்களா? வெளிச்சத்துல பாத்தாங்களா?" என்றார். அதன் பிறகு பல ஆண்டுகள் சோதனைக்கு வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி இருந்தது.

வீட்டுக்குப் போகும் நாள் வந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. ஒட்டிய தோல் முற்றும்வரை இடுப்பில் எதையும் கட்டக் கூடாது. அம்மா சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு படுக்கையருகே நின்றார்.

"அப்போ எங்க கட்றது?"

கை தானாக அந்த இடத்துக்கே போனது; கட்டுத்துணி தட்டுப்பட்டதும் நின்றது. நெஞ்சுக்கு ஏற்றிப் பார்த்தார், நழுவியது. நர்ஸ், "நைட்டி போட்டுக்கோங்களேன்மா," என்றாள்.

"சீ! அந்த அங்கியா? மாதா கோயில் ஃபாதர் மாறியா? தெருவுல நாய் தொரத்தும்டி என்னை."

மகன் வெளியே போனார். திரும்பி வந்தபோது செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கையில் இருந்தது. காது மடல்கள் சிவந்திருந்தன. மார்க்கெட் தெருக் கடையில் பெண்களுக்கு நடுவில் நின்று வாங்கியிருக்கிறார். "பூப் போட்டதுதான் இருந்துச்சு," என்று என்னிடமும் இல்லாமல் அம்மாவிடமும் இல்லாமல் சொல்லிப் பொட்டலத்தைப் படுக்கையில் வைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து அம்மா வந்தார். நீல நைட்டி, வெள்ளைப் பூக்கள். அதற்கு மேல் ஒரு துண்டைத் தோளைச் சுற்றிப் போர்த்தி மார்பில் இழுத்துப் பிடித்திருந்தார். தாழ்வாரத்தில் தயங்கித் தயங்கி நடந்தார். என் அறை வாசலில் நின்றார். உள்ளே நான் வேறொரு பெண்ணுக்கு அதே வட்டத்தை வரைந்துகொண்டிருந்தேன்.

"நிக்குதே டீச்சர்," என்றார். "எதையும் கட்டாமலே நிக்குது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடக்கை துண்டை விட்டுவிட்டு இடுப்பில் இல்லாத முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தது. மகன் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பி, பின்னால் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார்.